விளக்கை அணைத்தால் மட்டும் போதுமா? பழைய காரின் டைரியைப் படிக்கலாம் வாங்க!

சீசன் வந்துவிட்டால் வாசுதேவநல்லூர் மெயின் ரோட்டில் கார்களுக்குக் குறைவே இருக்காது. திருமங்கலத்தில் பிரிந்து ராஜபாளையம், சிவகிரி வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 744, இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போய், செங்கோட்டை தாண்டி மலையேறி, கொல்லத்தில் முடிகிறது. குற்றாலச் சாரலுக்குப் போகிறவர்களுக்கும், கார்த்திகை மாதம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி. புத்தம் புது எஸ்.யூ.விக்களுக்கு நடுவே பத்து வயதான, பதினைந்து வயதான கார்களும் மூச்சிரைத்துக்கொண்டு அதே ரோட்டில் ஓடுகின்றன.

அப்படி ஒரு கார். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்வோம். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு ஆரியங்காவு பக்கம் கிளம்புகிறார். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது இன்ஜின் லேசாகத் திணறுகிறது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வொர்க்‌ஷாப். ஸ்கேனரைச் செருகி, பட்டனைத் தட்டி, விளக்கை அணைத்துக் கொடுக்கிறார்கள். மனசுக்கு நிம்மதி. மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு.

"என்ன அண்ணாச்சி, திரும்பவும் லைட்டா? ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கும். மாத்திருவோமா?"

பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. சென்சார் மாற்றினால் சில ஆயிரங்கள். அதிலும் விளக்கு அணையவில்லை என்றால் அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங், அடுத்து பெட்ரோல் பம்ப். யாரும் ஏமாற்றவில்லை, ஊகித்து ஊகித்துப் பாகங்களை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால், ஒவ்வோர் ஊகத்துக்கும் பில் கட்டுவது காரின் சொந்தக்காரர்.

சில நூறு ரூபாய்க் கருவியும் கையில் இருக்கிற ஸ்மார்ட்போனும் இருந்தால், இந்த ஊகத்தைப் பெருமளவு குறைக்கலாம். அதற்குப் பெயர் டேட்டா லாகிங்.

கோடு வேறு, லாக் வேறு

நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனால் ஈ.சி.ஜி எடுப்பார். அந்த நிமிடம் இதயம் ஒழுங்காக இருந்தால் ஈ.சி.ஜியும் ஒழுங்காகவே இருக்கும். அப்போது ஹோல்டர் என்ற சின்னக் கருவியை உடம்பில் மாட்டி, "ஒரு நாள் முழுக்க எப்போதும்போல வேலையைப் பாருங்கள்" என்று அனுப்புவார். மாடி ஏறும்போது என்ன நடந்தது, தூங்கும்போது என்ன நடந்தது என்று எல்லாம் அதில் பதிவாகும்.

காரிலும் அப்படித்தான். வொர்க்‌ஷாப்பில் நிற்கும் காரில் ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பது ஈ.சி.ஜி. எஸ் வளைவில் ஏறும்போது இன்ஜினின் சூடு, சுழற்சி, பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பதிவு செய்வது ஹோல்டர்.

'பி0171' என்ற ஃபால்ட் கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது" என்று அதற்கு அர்த்தம் கிடையாது. "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்பதுதான் அர்த்தம். காற்று ஏன் அதிகமானது, பெட்ரோல் ஏன் குறைந்தது என்று அந்தக் கோடு சொல்லாது. ஆக்ஸிஜன் சென்சார் இந்தக் கதையில் பெரும்பாலும் புகார் கொடுத்தவர். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைப்பதுதான் அவசரப்பட்டு சென்சாரை மாற்றுவது!

இன்னொன்று. விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்பதை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு ஒரு போட்டோபோலப் பிடித்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால்தான், எதையும் பார்க்காமல் முதலில் விளக்கை அணைத்துவிடுவது, இருக்கிற ஒரே தடயத்தையும் துடைத்துவிட்டு விசாரணையை ஆரம்பிப்பது மாதிரி.

எந்தக் கார் பேசும், எது பேசாது?

அம்பாசடர், ஆரம்பகால மாருதி 800 போன்ற கார்ப்பரேட்டர் கார்களில் பேசுவதற்கு ஈ.சி.யுவே இல்லை. அங்கே மெக்கானிக்கின் காதுதான் ஸ்கேனர். தொண்ணூறுகளின் பின்பாதியில்தான் கதை மாறியது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கணக்கில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ இன்ஜினோடு வந்தது. 2000-ல் மாசு விதிகள் இறுகியதும் மற்றவர்களும் அந்தப் பக்கம் வந்தார்கள்.

ஆனால், ஈ.சி.யு இருந்தால் மட்டும் போதாது. அது எல்லாருக்கும் புரிகிற பாஷையில் பேச வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே 'ஓ.பி.டி 2' என்ற பொதுமொழி கட்டாயம். நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பி.எஸ் 4 விதியோடு ஓ.பி.டியின் முதல் கட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2010-ல் பி.எஸ் 4 கட்டாயமானது டெல்லி வட்டாரத்துக்கும் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கும்தான். நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். எனவே, ஒரே ஆண்டில் வாங்கியதாக இருந்தாலும், சென்னையில் வாங்கிய காரும் சங்கரன்கோவில் பக்கம் வாங்கிய வேறொரு வண்டியும் ஒரே மாதிரி பேசும் என்று சொல்ல முடியாது. ஆர்.சி புத்தகத்தில் பி.எஸ் எத்தனை என்று பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம் குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். 2010-க்கு முந்தைய சில கார்களிலும் அதே வடிவ சாக்கெட் உண்டு. ஆனால், கம்பெனியின் சொந்த பாஷையில் மட்டும் பேசும். பொதுக் கருவியைச் செருகினால் பதிலே வராது. காரில் பழுது என்று பயப்பட வேண்டியதில்லை.

அந்தப் பொதுக் கருவிக்கும் ஒரு கதை இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2005-ல் 'இ.எல்.எம் 327' என்ற சிப்பை வெளியிட்டது. காரின் பல பாஷைகளையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மொழிபெயர்த்துக் கொடுப்பது அதன் வேலை. முதல் பதிப்பில் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், உலகம் முழுக்க நகல்கள்! இன்றைக்கு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதெல்லாம் அந்த நகல்களும், நகல்களின் நகல்களும்தான். அசல் நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது.

நகல்களில் ஒரு வம்பு உண்டு. சில மலிவுக் கருவிகளில் பழைய கார்கள் பேசும் 'கே லைன்' பாஷையை மட்டும் விட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் புதுக் காரில் வேலை செய்யும் கருவி, பழைய காரில் திருதிருவென்று முழிப்பதற்கு இதுதான் காரணம். எனவே, வாங்கும்போது 'ஐ.எஸ்.ஓ 9141', 'கே.டபிள்யூ.பி 2000' ஆகியவற்றுக்கு சப்போர்ட் உண்டா என்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண புளூடூத் கருவி போதும். ஐபோனுக்கு வைஃபை அல்லது 'லோ எனர்ஜி' புளூடூத் உள்ளது தேவை. 'டார்க்' போன்ற ஆப்கள் பதிவு செய்ததை சி.எஸ்.வி ஃபைலாகத் தரும். அதை கூகுள் ஷீட்ஸில் திறந்துகொள்ளலாம்.

பேராசை வேண்டாம். கே லைன் நொடிக்கு 10,400 பிட் வேகத்தில்தான் பேசும். இப்போதைய கார்களில் உள்ள 'கேன்' வழக்கமாக நொடிக்கு 5 லட்சம் பிட். பழைய காரிடம் இருபது கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் பதில் வரச் சில நொடிகள் ஆகிவிடும். அதற்குள் எஸ் வளைவே முடிந்திருக்கும். கூலன்ட் சூடு, ஆர்.பி.எம், இரண்டு ஃப்யூயல் ட்ரிம், ஆக்ஸிஜன் சென்சார் வோல்ட் என்று ஐந்து போதும்.

காலையில் ஒரு இலவசப் பரிசோதனை

இரவெல்லாம் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். கூலன்ட் சூடு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு இரண்டையும் ஆப்பில் பாருங்கள். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் இருந்ததால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று 27, இன்னொன்று 45 என்றால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது. மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறதா? வாசுதேவநல்லூரில் பனி பெய்யவில்லை. சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. ஓ.பி.டி கணக்கில் வெப்பநிலை மைனஸ் 40-லிருந்துதான் ஆரம்பிக்கிறது. சிக்னலே வராதபோது பல கார்களில் அந்த எண்ணே வந்து நிற்கும்.

ஸ்டார்ட் செய்து ஓட்டும்போது சூடு படிப்படியாக ஏறி, பெரும்பாலான கார்களில் 80-லிருந்து 95 டிகிரிக்குள் நிலைக்கும். அரை மணி நேரம் ஓட்டியும் 65-ஐத் தாண்டவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். யாரும் இதைக் கவனிப்பதில்லை. சூடாகாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற நினைப்பு. உண்மையில், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். "மைலேஜே தரமாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இந்தச் சின்னப் பாகம் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு.

சூடு அதிகமானாலும் லாக் வழி காட்டும். கடையநல்லூர் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது ஏறி, வெளியே வந்து வேகமெடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்கலாம். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, மலை ஏறும்போது மட்டும் ஏறிக்கொண்டே போனால், ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இரண்டுமே "கார் சூடாகுது" என்ற ஒரே புகார்தான். வைத்தியம்தான் வேறு வேறு.

சாம்பாரும் ஃப்யூயல் ட்ரிம்மும்

லாகில் மிக உபயோகமானவை ஃப்யூயல் ட்ரிம் எண்கள்தான். பெயர் பயமுறுத்தும், விஷயம் சமையலறை விஷயம்.

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எந்த வேகத்தில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்ற செய்முறைக் குறிப்பு ஈ.சி.யுவிடம் இருக்கிறது. அதன்படி 'சமைத்த' பிறகு, சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையை ருசி பார்த்துச் சொல்லும். உப்புக் குறைந்தால் அப்போதைக்கு ஒரு சிட்டிகை சேர்ப்பது மாதிரி, உடனுக்குடன் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது ஷார்ட் டேர்ம் ட்ரிம். தினமும் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் குறிப்பையே திருத்தி எழுதிவிடுவோம் அல்லவா? அது லாங் டேர்ம் ட்ரிம். இரண்டும் சதவிகிதத்தில் வரும். கூட்டிப் பார்த்து பிளஸ் 10, மைனஸ் 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பிளஸ் 20-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் ஈ.சி.யு ஏதோ ஒரு குறையை மூச்சுப் பிடித்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. திருத்தும் எல்லை தீர்ந்ததும் விளக்கை எரிய விடும்.

இப்போது நம்முடைய ஹேட்ச்பேக்குக்கு வருவோம். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது பிளஸ் 18. அதே இன்ஜினை 2,500 ஆர்.பி.எம்முக்கு ஏற்றினால் பிளஸ் 3. இதைப் பார்த்தவுடனே அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறந்து ரப்பர் ஹோஸ்களைத் தடவ ஆரம்பித்துவிடுவார். எங்கோ வெடித்த ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்று கொஞ்சம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரிகிறது. வேகத்தில் அது கரைந்துவிடுகிறது.

தலைகீழாக இருந்தால்? ஐடிலில் ஒழுங்கு, மலை ஏறும்போது மட்டும் ட்ரிம் எகிறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பையும் பம்பின் பிரஷரையும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் இந்த ஹோஸ் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். நம்மூர்ச் சின்னக் கார்கள் பலவற்றில், காற்றின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் 'மேப்' சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் ஹோஸ் வெடித்தால், வந்த காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் கூடிவிடும். ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடில் ஆர்.பி.எம் ஏறி நிற்கலாம். எனவே, கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் யூடியூப் வீடியோ பார்த்து முடிவெடுத்தால் அதுவும் இன்னொரு ஊகம்தான்.

பங்கில் மாறிய பெட்ரோல்

பழைய கார்க்காரர்கள் இப்போது ட்ரிம்மைக் கவனிக்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால், இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்குச் சுமார் 13.5. அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். இ10-லிருந்து இ20-க்கு மாறினால் லாங் டேர்ம் ட்ரிம் ஏறக்குறைய 4 சதவிகிதம் மேலே நகரும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

நல்ல நிலையில் இருக்கும் கார் இந்த நான்கைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். ஏற்கெனவே அடைத்த ஃபில்டரோ, வெடித்த ஹோஸோ வைத்துக்கொண்டு பிளஸ் 18-ல் ஓடும் காரை இது எல்லைக்குத் தள்ளிவிடும். விளக்கு எரியும்போது "எல்லாம் இந்த எத்தனாலால்தான்" என்று திட்டுவார்கள். பாதி உண்மை.

மைலேஜ் விஷயம் தனி. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் இ20-யால் எரிபொருள் சிக்கனம் 6-7 சதவிகிதம் குறையும் என்று சொன்னது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் 15 கொடுத்தால் அந்தக் கணக்குக்குள் வரும். 12-க்கு இறங்கியிருந்தால் பெட்ரோல் பங்கைக் குறை சொல்லிப் பயனில்லை, காரில் வேறு ஏதோ இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல மாறுவதற்கு முந்தைய லாக் ஒன்று கையில் இருந்தால் பெரிய உதவி.

ரீமேப் ஆசை

லாக் எடுக்க ஆரம்பித்தவர்களுக்கு அடுத்து வருவது ரீமேப் ஆசை. ஈ.சி.யுவில் உள்ள குறிப்பையே மாற்றி எழுதி பவரைக் கூட்டுவது. ரேஸ் உலகில் இது சாதாரணம். அமெரிக்காவில் 2001 வாக்கில் இரண்டு பொறியாளர்கள் 'மெகாஸ்க்விர்ட்' என்று வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் ஈ.சி.யுவை வடிவமைத்துக் கொடுத்தார்கள். அதன் ரசிகர்கள் செய்யும் முக்கால்வாசி வேலை என்ன தெரியுமா? ஓட்டுவது, லாக் எடுப்பது, ஒரே ஒரு கட்டத்தை மாற்றுவது, மறுபடி ஓட்டி லாக் எடுப்பது. அதற்கு அவர்கள் காரில் உள்ள சாதாரண ஆக்ஸிஜன் சென்சாரை நம்புவதில்லை. அது "அதிகம்", "குறைவு" என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்ல 'வைட் பேண்ட்' என்ற வேறு சென்சார் வேண்டும்.

"அரை மணி நேரத்தில் பவர் ஏத்தித் தர்றேன் அண்ணாச்சி" என்பவர் முன்னாலும் பின்னாலும் லாக் எடுக்கவில்லை என்றால், கும்பிடு போட்டுவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். பிஸ்டன் ஓட்டையானால் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவு, பழைய காரின் விலையையே நெருங்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லாக் எடுப்பது காரை மாற்றுவதல்ல, படிப்பதுதான். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன்

பதினைந்து வயது கார்களைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்பவர்கள், மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், பார்க்கப் போகும்போது அந்தச் சின்னக் கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது.

விற்பதற்கு முதல் நாள் மஞ்சள் விளக்கை அணைத்து வைப்பது பழைய வித்தை. ஆனால், கோடை அழித்ததும் 'ரெடினெஸ் மானிட்டர்' எனப்படும் சுயபரிசோதனைகளும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். சில நாள் ஓட்டினால்தான் அவை மறுபடி 'முடிந்தது' என்று காட்டும். ஆப்பில் பலவும் 'முடியவில்லை' என்று இருந்தால், "பேட்டரி மாத்துனீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் உஷார். பல கார்களில் கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண்ணே கிடைக்கும். "ரெண்டு வருஷமா எந்தப் பிரச்னையும் இல்லீங்க" என்று சொல்லும் காரில் அந்த எண் 11 கிலோமீட்டர் என்று இருந்தால், விலை பேசும் தொனியே மாறிவிடும்!

லாக் எடுக்கும்போது ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. ஆப்பை ஆன் செய்து போனை உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பார்த்தால் போதும். அந்த 16 பின் சாக்கெட்டின் கடைசி பின், சாவியை எடுத்த பிறகும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும். கருவியை அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூர் போனால், திரும்பி வந்ததும் காரைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.